கணக்கு எழுதும் கைக்கு ஏற்ற கீபோர்டு

தராசு வாங்கும்போது வணிகர்களாகிய நாம் காட்டும் கவனம் ஊரறிந்தது. எத்தனை கிலோ தாங்கும், எத்தனை கிராம் வரை துல்லியம் காட்டும், முத்திரை இருக்கிறதா, பழுது பார்க்க உள்ளூரில் ஆள் உண்டா என்று நாலு கடை ஏறி இறங்கித்தான் பணத்தைக் கொடுக்கிறோம். அதே கடையில் காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணி வரை பில் போடுகிற கைக்குக் கீழே இருக்கும் கீபோர்டை எப்படி வாங்குகிறோம்? கம்ப்யூட்டர் கொடுத்தவர் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தது எதுவோ, அதுதான் இன்றும் இருக்கிறது. அது கெட்டுப் போனால், இருப்பதில் விலை குறைந்தது எதுவோ அது வருகிறது.

இப்போது ஒயர் இல்லாத கீபோர்டுகளும், கைக்கு நோவு தராதபடி வளைத்தும் பிரித்தும் செய்யப்பட்ட கீபோர்டுகளும் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. விலை சில நூறு ரூபாயில் தொடங்கி பத்தாயிரத்துக்கு மேலும் போகிறது. இவற்றில் நம் கடைக்கு எது பொருந்தும், எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஒரு நாளைக்கு எத்தனை தட்டு?

முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நடுத்தர மளிகைக் கடையில் நாளொன்றுக்கு 150 பில், ஒரு பில்லுக்கு 12 சரக்கு, ஒரு சரக்கின் பெயர், அளவு, விலை எல்லாம் சேர்த்து 10 தட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 18,000 தட்டு ஆகிறது. மாதம் 26 நாள் என்றால் 4,68,000 தட்டு. இத்தனையும் பெரும்பாலும் ஒரே ஆளின் கை, அதிலும் வலது கையின் மூன்று நான்கு விரல்கள் செய்கிற வேலை.

இனி செலவுப் பக்கம். 5,000 ரூபாய்க்கு ஒரு கீபோர்டு வாங்கி மூன்று வருடம் உழைத்தது என்று கொண்டால், வருடத்துக்கு 300 வேலை நாளாக 900 நாள் ஆகிறது. நாளொன்றுக்கு ஐந்தரை ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல், ஐந்து ரூபாய் அறுபது காசு கூட ஆகாது. கடைப் பையனுக்கு வாங்கித் தரும் ஒரு டீயின் விலை கூட அதைவிட அதிகம். எனவே விலையை மட்டும் பார்த்து முடிவு செய்வது வியாபாரக் கணக்குக்கும் பொருந்தாது.

மறுபக்கம், கை வலிக்கும்போது தவறு வருகிறது. 1,450 என்று விழ வேண்டியது 14,500 என்று விழுந்தால், சரக்கு வாங்க வந்தவர் முன்னால் நமக்குத்தான் தலைகுனிவு. பழகிய கணக்குப்பிள்ளை கைவலி என்று ஒரு வாரம் வராமல் போனால், அந்த ஒரு வார நஷ்டத்தில் இரண்டு நல்ல கீபோர்டு வாங்கிவிடலாம்.

2. கைக்கு வரும் கெடுதல்கள் மூன்று

கீபோர்டில் வேலை செய்யும்போது மணிக்கட்டு மூன்று விதமாகக் கோணுகிறது. இதைப் புரிந்துகொண்டால், கடையில் விற்பவர் சொல்லும் பெருமைகளில் எது மெய், எது வெறும் அலங்காரம் என்று நாமே பிரித்துவிடலாம்.

முதலாவது, கை மேல்நோக்கி மடங்குவது. மேசை உயரமாக இருந்தாலும், கீபோர்டின் பின்பக்கக் கால்களைத் தூக்கி நிறுத்தினாலும் இப்படி ஆகும். பலரும் அந்தச் சிறு கால்களை நிமிர்த்தி வைப்பதே முறை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றை மடக்கி வைப்பதே மணிக்கட்டுக்கு நல்லது.

இரண்டாவது, கை சுண்டுவிரல் பக்கமாகச் சாய்வது. நம் தோள் அகலம், கீபோர்டு நடுப்பகுதி குறுகல். இரண்டு கையும் நடுவில் வந்து சேரும்போது, மணிக்கட்டு இரண்டும் வெளிப்பக்கம் ஒடித்து வைத்தது போல நிற்கின்றன.

மூன்றாவது, உள்ளங்கை முழுதும் தரையைப் பார்த்துத் திருகி நிற்பது. கையைச் சும்மா தொங்கவிட்டால் உள்ளங்கை உடம்பைப் பார்த்து நிற்கும், அதுவே இயல்பு. அதை முழுவதும் கவிழ்க்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வருகின்றன. சிறிது நேரம் என்றால் குற்றமில்லை. நாள் முழுதும் என்றால் அலுப்பு தட்டும்.

கைக்கு இதமான கீபோர்டு என்று எதைச் சொன்னாலும், அது இந்த மூன்றில் எதையாவது குறைக்கிறதா என்று கேளுங்கள். குறைக்கவில்லை என்றால் அந்தப் பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

3. முதலில் மேசை, பிறகு கீபோர்டு

சுவர் இருந்தால்தான் சித்திரம். மேசையும் நாற்காலியும் சரியில்லாமல் பத்தாயிரம் ரூபாய்க் கீபோர்டு வாங்கினாலும் பலன் கிடைக்காது.

பில் போடுபவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரட்டும். பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும். மேற்கை உடம்போடு ஒட்டித் தொங்க, முழங்கை 'ட' எழுத்துப் போல மடங்கட்டும். இப்போது தரையிலிருந்து முழங்கை வரை அளவு நாடா வைத்து அளந்து பாருங்கள். கீபோர்டின் மேற்பரப்பு அந்த உயரத்தில், அல்லது ஒரு விரற்கடை கீழே இருக்க வேண்டும்.

நம் கடைகளில் உள்ள எழுத்து மேசை பெரும்பாலும் 30 அங்குல உயரம். பேனா பிடித்துப் பேரேடு எழுத அது சரி. கீபோர்டு தட்டப் பலருக்கும் அது இரண்டு மூன்று அங்குலம் கூடுதல். கல்லாப் பெட்டி வைத்திருக்கும் முன் மேசையோ அதைவிடவும் உயரம். இதற்கு வழி இரண்டு. மேசைக்குக் கீழே இழுத்து மூடும் பலகை ஒன்றைத் தச்சரைக் கொண்டு அடித்துக்கொள்வது ஒன்று. நாற்காலியை உயர்த்திவிட்டு, காலுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி போடுவது மற்றொன்று. காலியான டீத்தூள் பெட்டி கூடப் போதும். காலைத் தொங்கவிட்டு மட்டும் உட்காரக் கூடாது.

எங்கள் மொத்தக் கடையிலும் இந்த வரிசையில்தான் செய்தோம். முதல் வாரம் பலகையை இறக்கி அடித்தோம். கீபோர்டு பழையதுதான். அப்போதே கணக்குப் பார்க்கும் பெண் தோள்வலி குறைந்தது என்று சொன்னார். மேசை சரியான பிறகு கீபோர்டு தேடினால், எது உண்மையில் தேவை என்பது தெளிவாகத் தெரியும்.

4. கை என்ன வேலை செய்கிறது?

எல்லா மேசைக்கும் ஒரே கீபோர்டு என்பது, எல்லாச் சரக்குக்கும் ஒரே அளவு சாக்கு என்பது போல. நம் கடையில் இரண்டு வகை வேலை இருக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பில் மேசையில் நடப்பது எண் வேலை. அளவு, விலை, சரக்கு எண், பாக்கித் தொகை என்று எல்லாமே எண். இதற்கு வலப்பக்கம் தனியாக எண் பகுதி உள்ள கீபோர்டு கட்டாயம் வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது, இடம் அடைக்காது என்று எண் பகுதி இல்லாத குட்டைக் கீபோர்டை வாங்கி வைத்தால், மேல் வரிசை எண்களைத் தேடித் தேடித் தட்ட வேண்டி வரும்.

எண் பகுதியில் 5 என்ற விசையின் மேல் ஒரு சிறு மேடு இருக்கும். நடுவிரல் அங்கே, ஆட்காட்டி விரல் 4-இல், மோதிர விரல் 6-இல், கட்டைவிரல் பூஜ்யத்தில், சுண்டுவிரல் என்டர் விசையில் என்று ஒரு வாரம் பழகினால், கீபோர்டைப் பார்க்காமலே சிட்டையைப் பார்த்துத் தட்டலாம். கால்குலேட்டரில் உள்ளது போலவே 7, 8, 9 மேலே இருக்கும் அமைப்பு இது. போனில் 1, 2, 3 மேலே இருப்பதால் இளம்பிள்ளைகள் ஆரம்பத்தில் சற்றுத் தடுமாறுவார்கள். போகப் போகச் சரியாகிவிடும்.

அலுவலக மேசையில் நடப்பது எழுத்து வேலை. கம்பெனிகளுக்குக் கடிதம், லாரி சரக்கு விவரம், பாக்கி நினைவூட்டல், ஜிஎஸ்டி தொடர்பான பதிவுகள் என்று இரண்டு கையும் சேர்ந்து ஓடுகிறது. மேலே சொன்ன மூன்று கோணலும் இங்கேதான் அதிகம். வளைந்த, பிரிந்த கீபோர்டுக்குப் பணம் செலவழிப்பது இந்த மேசைக்குத்தான் பொருந்தும். எண் மட்டும் தட்டுகிறவருக்கு எழுத்துப் பகுதியைப் பிரித்துக் கொடுப்பதால் லாபம் குறைவு. அவருக்கு வேண்டியது சரியான உயரமும், மெல்லிய கீபோர்டும், நல்ல எண் பகுதியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எண் பகுதி வலப்பக்கம் இருப்பதால் மவுஸ் இன்னும் வலப்பக்கம் தள்ளிப் போய்விடுகிறது. கையை நீட்டி நீட்டி எடுப்பதில் தோள்தான் வலிக்கும். மவுஸை அடிக்கடி எடுப்பவர் அதை இடது கைக்கு மாற்றிப் பழகலாம். இல்லாவிட்டால் எண் பகுதி தனித் துண்டாக வரும் வகையை வாங்கி, வேண்டும்போது வலப்பக்கமும் வேண்டாதபோது ஓரமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

5. வடிவங்கள்

விசைகள் இன்று இருக்கும் வரிசை அமெரிக்காவின் ஷோல்ஸ் என்பவர் உருவாக்கி, ரெமிங்டன் கம்பெனி 1874-இல் விற்பனைக்கு விட்ட தட்டச்சு இயந்திரத்திலிருந்து வந்தது. உள்ளே இரும்பு நெம்புகோல்கள் ஓட வேண்டியிருந்ததால் விசைகளும் அதற்கேற்ப அமைந்தன. கம்ப்யூட்டரில் நெம்புகோல் கிடையாது, ஆனாலும் பழைய அமைப்பே தொடர்ந்தது. நடுவில் பிரித்து, கூரை போல உயர்த்திய கீபோர்டை மைக்ரோசாஃப்ட் 1994-இல் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வகை பொதுமக்களுக்குத் தெரிய வந்தது.

இன்று கடையில் காணும் வடிவங்களை நான்காகப் பிரிக்கலாம்.

நேர் வடிவம்: வழக்கமானது. மெல்லியதாக, எண் பகுதியோடு, விசைகள் முழு அளவில் இருந்தால் பில் மேசைக்கு இதுவே போதும். பக்கத்துப் பக்கத்து விசைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 19 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம் இருப்பது முழு அளவு.

அலை வடிவம்: பலகை பிரியாது, நடுவில் மேடாக அலை போல் வளைந்திருக்கும். லாஜிடெக் கம்பெனி 2023-இல் கொண்டுவந்த வேவ் கீஸ் இந்த ரகம். எண் பகுதியும் உண்டு. பழகுவது எளிது. எழுத்தும் எண்ணும் கலந்து செய்யும் மேசைக்கு ஏற்றது.

பிரித்து உயர்த்திய வடிவம்: ஒரே பலகையில் எழுத்துகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, நடு உயர்ந்து, முன்னால் மெத்தை வைத்திருக்கும். அதே கம்பெனி 2020-இல் கொண்டுவந்த எர்கோ கே860 இதற்கு எடுத்துக்காட்டு. மூன்று கோணலையும் ஓரளவு குறைக்கிறது. ஆனால் அகலமானது. மேசையில் இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ள வேண்டும்.

முழுதும் இரண்டு துண்டான வடிவம்: இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. பத்து விரலும் போட்டு, பார்க்காமல் தட்டச்சு செய்பவருக்கே இது உகந்தது. விலையும் அதிகம், பழகவும் நாளாகும். நம் கடைகளில் இதற்குத் தேவை குறைவு.

பிரித்த வடிவங்களில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு விரலால் தேடித் தட்டுகிறவர்கள், பி என்ற ஆங்கில எழுத்தை வலது கையால் தட்டிப் பழகியிருப்பார்கள். பிரித்த கீபோர்டில் அது இடப்பக்கம் போய்விடும். வாங்கும் முன் உட்காரப் போகிறவரைத் தட்டச் சொல்லிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

முன்னால் இருக்கும் மெத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தட்டாமல் ஓய்ந்திருக்கும்போது உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்துக்கொள்ள. தட்டும்போது மணிக்கட்டை அதன்மேல் அழுத்தி ஊன்றக் கூடாது.

6. எஃப் விசைகளைப் பார்க்க மறவாதீர்

இது டேலி வைத்திருக்கும் வணிகர்களுக்கு முக்கியம். பணம் கொடுத்ததற்கு எஃப்5, வரவுக்கு எஃப்6, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9 என்று மேல் வரிசை விசைகளைக் கொண்டே நம் கணக்கு ஓடுகிறது. ஒயர் இல்லாத பல கீபோர்டுகளில் இந்த வரிசை சத்தம் கூட்ட, குறைக்க, பாட்டு நிறுத்த என்று மாற்றி வைக்கப்பட்டிருக்கும். எஃப்8 வேண்டுமென்றால் எஃப்என் என்ற இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒவ்வொரு பில்லுக்கும் இரண்டு விசை என்றால் கைக்கு வேலை கூடத்தானே செய்யும்?

பல ரகங்களில் இதை நிரந்தரமாக மாற்றி வைக்க வழி உண்டு. எஃப்என் விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து அழுத்தினால் மாறுவது சிலவற்றில் வழக்கம். கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். மாற்ற முடியாது என்றால் அந்த ரகம் கணக்கு மேசைக்கு வேண்டாம்.

7. ஒயர் இல்லாததன் நன்மையும் எச்சரிக்கையும்

மளிகைக் கடையில் ஒயர் இல்லாததற்கு ஒரு பெரிய நன்மை உண்டு. எலி கடிக்க ஒயர் இருக்காது. மேசையில் சிட்டையும் கால்குலேட்டரும் பணக்கட்டும் கிடக்கும்போது ஒயர் இடையில் மாட்டாது. கீபோர்டை அவரவர் வாகுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம், சரக்குச் சரிபார்க்கும்போது மடியில் கூட வைத்துக்கொள்ளலாம்.

இணைப்பு இரண்டு வகை. ஒன்று, சிறு துண்டு போன்ற ரிசீவரைக் கம்ப்யூட்டரில் செருகுவது. மற்றொன்று புளூடூத். இரண்டும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. புளூடூத்தில் செருக எதுவும் வேண்டாம். ஆனால் கம்ப்யூட்டர் முழுதும் விழித்தெழும் முன்னர் அது பெரும்பாலும் வேலை செய்யாது. ஆகவே பழைய ஒயர்க் கீபோர்டைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் வைத்திருங்கள். ஆபத்துக்கு உதவும்.

ரிசீவர் வகையில், அது தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சில ரகங்களில் அந்த ரிசீவர் போனால் கீபோர்டும் போனது போலத்தான்.

விசை தட்டியும் எழுத்து விழவில்லை, அல்லது ஒன்றே இரண்டாக விழுகிறது என்ற குறை சில கடைகளில் வருகிறது. கீபோர்டைக் குறை சொல்லும் முன் ரிசீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறம், இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக் கிடந்தால் அலை எப்படி வரும்? வேகமான யுஎஸ்பி 3 இணைப்பும், அதில் மாட்டிய ஹார்டு டிஸ்கும் இதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் கம்பெனியே 2012-இல் விளக்கி வெளியிட்டது. கணக்கைக் காப்பி எடுத்து வைக்கும் ஹார்டு டிஸ்குக்குப் பக்கத்திலேயே ரிசீவரைச் செருகாதீர்கள். ஒரு சிறு நீட்டிப்பு ஒயர் வாங்கி ரிசீவரை மேசை மேலேயே கொண்டுவந்து வைத்தால் பெரும்பாலும் குறை தீர்ந்துவிடும்.

பாதுகாப்பும் முக்கியம். நாம் தட்டுவது காற்றில் போகிறது. பேங்க் பாஸ்வேர்டும் அதில் உண்டு. விலை குறைந்த சில ஒயர் இல்லாத கீபோர்டுகள் தட்டுவதை மறைக்காமல் அப்படியே அனுப்புகின்றன என்பதை அமெரிக்காவின் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2016-இல் வெளிப்படுத்தியது. ஏஇஎஸ் என்ற மறைகுறி முறை உண்டு என்று அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதையே வாங்குங்கள். பெயரில்லாத சரக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம்.

8. பேட்டரியும் தூசியும்

சிலவற்றுக்கு ட்ரிபிள் ஏ பேட்டரி இரண்டு போட வேண்டும், நல்ல ரகத்தில் பல மாதம் ஓடும். சிலவற்றில் போன் போல சார்ஜ் ஏற்ற வேண்டும். விசைக்கு அடியில் விளக்கு எரியும் ரகம் சார்ஜைச் சீக்கிரம் தின்றுவிடும். கடையில் வெளிச்சம் இருக்கும்போது அந்த விளக்கு எதற்கு? பேட்டரி ரகம் வாங்கினால் ஒரு ஜோடி புது பேட்டரியைக் கல்லாவிலேயே வைத்திருங்கள். மாலைக் கூட்டத்தில் நின்றுபோனால் ஆள் அனுப்பி வாங்கிவர நேரமிருக்காது. பல நாள் கடை அடைக்கும்போது பேட்டரியைக் கழற்றி வைப்பது நல்லது. உள்ளேயே கசிந்து கெடுத்துவிடும்.

மிளகாய்த்தூள், மாவு, பருப்புத் தூசி, வெல்லப் பிசுக்கு இவை நம் தொழிலோடு பிறந்தவை. வாரம் ஒரு முறை கீபோர்டை அணைத்து, தலைகீழாகக் கவிழ்த்து மெல்லத் தட்டி, பழைய மெல்லிய பிரஷ்ஷால் இடுக்குகளைத் துடையுங்கள். பிறகு ஈரம் பிழிந்த துணியால் மேலே துடைத்தால் போதும். தண்ணீரை நேரே தெளிக்கக் கூடாது. டீ கொட்டிவிட்டால் உடனே அணைத்து, பேட்டரியைக் கழற்றி, கவிழ்த்து வைத்து நன்கு உலரவிட வேண்டும். தூசிக்காக மேலே போடும் ரப்பர் உறையும் கிடைக்கிறது. ஆனால் உறை போட்டால் விரல் இன்னும் சற்று அழுத்த வேண்டிவரும். மாவு மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மேசைக்கு மட்டும் அது போதும்.

9. வாங்கும் இடத்தில்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், நம்மூர் கடையில் வாங்கினாலும் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெறுங்கள்.

முதலாவது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அடையாளம். ஒயர் இல்லாத கீபோர்டுகளுக்குக் கட்டாயப் பதிவு வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு ஆணையிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. அடியில் ஆர் என்ற எழுத்தோடு பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். தராசுக்கு முத்திரை பார்ப்பது போலத்தான் இதுவும்.

இரண்டாவது, நம் கடையின் ஜிஎஸ்டி எண் போட்ட பில். கீபோர்டுக்கு வரி 18 சதவீதம். கடை வேலைக்காக வாங்கியது என்பதால், வழக்கமான முறையில் வரி கட்டும் வணிகர்கள் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மூன்றாவது, உத்தரவாதக் காலமும், பழுதானால் எங்கே கொடுக்க வேண்டும் என்ற விவரமும். மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் கீபோர்டு விற்பதை 2023-இல் நிறுத்திவிட்டது. அந்த வடிவங்கள் சிலவற்றை 2024 முதல் இன்கேஸ் என்ற கம்பெனி தன் பெயரில் கொண்டுவருகிறது. பழைய இருப்பு யாரிடமாவது மலிவாக வந்தால், உத்தரவாதம் யார் தருவார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

10. மாற்றும் நாளும் பழகும் நாளும்

புது வடிவம் கைக்குப் படிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் மூன்று நாள் வேகம் குறையும், தவறு கூடும். எனவே நாள் பார்த்து மாற்றுங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கெடு. 20 கழிந்த பிறகு மாற்றுவது நல்லது. தீபாவளி, பொங்கல் வியாபார நேரத்தில் தொடவே வேண்டாம். முதல் வாரம் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் புதியதில் தட்டிவிட்டு, கூட்டம் வரும்போது பழையதுக்கு மாறிக்கொள்ளலாம்.

தட்டும் எண்ணிக்கையையே குறைக்கவும் வழி உண்டு. அச்சடித்த பாக்கெட்டுகளில் உள்ள பார்கோடைப் படிக்கும் கருவி ஒன்று வாங்கினால், 13 இலக்கத்தையும் கீபோர்டு தட்டுவது போல அதுவே தட்டிவிடும். சில்லறையாக நிறுக்கும் சரக்குக்குத் துவரம் பருப்பு 11, உளுந்து 12 என்று சிறு எண்ணை மாற்றுப் பெயராக டேலியில் பதிந்து வைத்தால், பெயரை முழுதும் தட்ட வேண்டாம். எந்த நல்ல கீபோர்டும் தராத ஓய்வை இது தரும்.

11. கீபோர்டு மருந்தல்ல

நல்ல கீபோர்டு கையின் சிரமத்தைக் குறைக்கும். வந்துவிட்ட நோயைத் தீர்க்காது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய வழி இருக்கிறது. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் போகின்றன. அந்த நரம்பு நெருக்கப்பட்டால் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும். இரவில் கூடுதலாகத் தெரியும். கையை உதறினால் சற்றுக் குறையும். சர்க்கரை நோயும் தைராய்டு குறையும் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். நம் தொழிலில் உட்கார்ந்தே இருப்பவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர் என்பது நமக்கே தெரியும்.

விரல் மரக்கிறது என்று ஊழியர் சொன்னால், தைலம் தடவிக்கொண்டு உட்காரச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் அனுப்புங்கள். நாளாகிவிட்டால் கட்டைவிரல் அடிச் சதை மெலிந்து, பிடியின் பலமே குறைந்துவிடும். அரை மணிக்கு ஒரு முறை ஒரு நிமிடம் கையை எடுத்து நீட்டி மடக்கச் சொல்லுங்கள். மதியம் ஒரு மணி நேரமாவது பில் மேசையில் ஆள் மாற்றி உட்கார வைத்து, அவரைச் சரக்குச் சரிபார்க்கவோ பாக்கி கேட்கவோ அனுப்பலாம்.

12. யார் தேர்ந்தெடுப்பது?

முடிவாக ஒன்று. நம் கடைகளில் கீபோர்டை வாங்குவது முதலாளி, தட்டுவது வேறொருவர். நம் கைக்கு நன்றாக இருப்பது அவர் கைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் கை சிறியதாக இருக்கலாம், இடது கைப்பழக்கம் இருக்கலாம். செருப்பு வாங்க ஆளை விட்டுவிட்டு நாம் போவோமா? கடைக்குப் போகும்போது உட்காரப் போகிற தம்பியையோ அந்தப் பெண்ணையோ கூட்டிச் செல்லுங்கள். நம் கடையின் பழைய சிட்டை ஒன்றையும் எடுத்துப் போய், அதிலுள்ள பத்து பில்லை அங்கேயே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாளி முன்னால் கேட்டால், எதைக் கொடுத்தாலும் போதும் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். சற்றுத் தள்ளி நின்று கொள்ளுங்கள்.

கீழே உள்ளதைத் தனித்தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். ஆம், இல்லை என்று அவரே குறிக்கட்டும்.

1. முழங்கை உயரத்துக்கு மேசை சரியாக்கப்பட்டதா?
2. எண் பகுதி இருக்கிறதா? 5-இன் மேல் மேடு விரலுக்குத் தெரிகிறதா?
3. பின்கால்களை மடக்கி வைத்தால் மணிக்கட்டு நேராக நிற்கிறதா?
4. எஃப் விசைகள் ஒரே தட்டில் வேலை செய்கின்றனவா?
5. விசை அழுத்த பலம் அதிகம் வேண்டியிருக்கிறதா?
6. மவுஸ் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா?
7. மறைகுறி வசதி, பதிவு எண், உத்தரவாதம் மூன்றும் உண்டா?
8. பத்து பில் தட்டிய பின் தோளோ மணிக்கட்டோ இழுக்கிறதா?

ஐந்தாவதற்கும் எட்டாவதற்கும் இல்லை என்றும், மற்றவற்றுக்கு ஆம் என்றும் வந்தால் அந்தக் கீபோர்டை வாங்கலாம். எட்டாவதற்கு ஆம் என்று வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்ததைப் பாருங்கள்.